வராத ஹம்மிங்பேர்டும் பன்னிரண்டு வெள்ளிகளும்

முதல் அறிகுறி என்ன என்று கேட்டால் எல்லோரும் கட்டியைத்தான் சொல்வார்கள். எனக்கும் இடது மார்பில் கட்டி இருந்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. கட்டியை வெட்டி எடுத்து, கீமோ (புற்றுக் கலங்களை அழிக்கும் மருந்தை நாளத்தின் வழியே ஏற்றும் சிகிச்சை) பாதிக்கு மேல் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை கொடியில் காயப்போட்டிருந்த துவாயைத் தொட்டுப் பார்த்தேன். அது காய்ந்துவிட்டதா, இன்னும் ஈரமா என்று என் கைக்குத் தெரியவில்லை.

கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரம். திரும்பக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி போட்டேன். பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் விழுந்து புரண்டு அழுத இடம் என்று இதில் ஒன்றும் இல்லை. அழவேண்டிய நேரங்களில் நான் பெரும்பாலும் மின்னல் வேகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பெயர் வளர்மதி. சிட்னியில் பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் வீடு. இருபத்தொரு வருடங்களாக ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. நாளத்தைக் கண்ணால் தேடுகிறவர்கள் புதியவர்கள். கொஞ்சக் காலம் போனால் கண் தேவைப்படாது. விரல் நுனியை வைத்து மெல்ல அமத்தினால், உள்ளே ஒன்று திருப்பி எழும்பும். அதுதான் நாளம். குண்டான கை, வற்றிய கை, கீமோ போட்டுக் கெட்டியான கை, எல்லாவற்றிலும் எனக்கு அது அகப்படும். “இண்டைக்கு வளர் நிக்கிறாவோ?” என்று கேட்டுவிட்டு, நான் இல்லையென்றால் திரும்பிப் போகிற ஆட்கள் இருந்தார்கள். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மறைப்பானேன்.

அந்த வேலையில் நான் தினமும் பிடித்த பொய் ஒன்று உண்டு. வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் நம்முடைய ஆட்கள் “ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை” என்பார்கள். கிண்டிக் கேட்டால், பால் தேத்தண்ணி ஒன்றும் ரெண்டு பிஸ்கட்டும் வெளியே வரும். “உங்களை ஏமாத்திறியள் அங்கிள், என்னை இல்லை” என்று நான் ஏசித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் கீழே வருகிற காரியத்தைச் செய்தேன்.

நோய் கண்டுபிடித்தது வழக்கமான பரிசோதனையில். ஜனவரியில் அறுவைச் சிகிச்சை. இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (உடல் திசுக்களில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அதனால் இனி இடது கையில் ஊசி போடக்கூடாது என்றார்கள். பிறகு கீமோ. முதலில் ஒரு மருந்து, இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு தடவையாக நான்கு முறை. முடி போனது அதில்தான். அது முடிந்ததும் இரண்டாவது மருந்து, கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு.

அட்டவணையை மருத்துவமனை வாகனத் தரிப்பிடத்தில் வைத்து என் கணவர் விரித்துப் பார்த்தார். சிவநேசன் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். அதிகம் பேசாதவர். ஒவ்வொரு திகதியாக விரலை வைத்துக்கொண்டு போனார்.

“எல்லாம் வெள்ளிக்கிழமை” என்றார்.

“ஓம். வெள்ளியிலதான் மருந்தேத்திற கதிரை காலியாம்.”

“பன்னிரண்டு வெள்ளி, மதி.”

அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீடுகளில் பன்னிரண்டு வெள்ளி பிடிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொள்வது சாதாரணம். அன்று ஒரு நேரம்தான் சாப்பாடு, மச்ச மாமிசம் இல்லை, பன்னிரண்டாம் வெள்ளி பொங்கல். அதன் சட்டம் எல்லோருக்கும் தெரியும். இடையில் ஒன்று தவறினால் விரதம் முறிந்தது. முன்னே பிடித்ததெல்லாம் கணக்கில் இல்லை. முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

“நீர் மருந்தை ஏத்தும், நான் விரதத்தைப் பிடிக்கிறன்” என்றார். நான் சிரித்தேன். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்த மருந்து எனக்கு மருந்தாக இருக்கவில்லை. பன்னிரண்டையும் முழுதாக முடித்தால் பிழைப்பேன், ஒன்று தவறினாலும் செத்துப்போவேன் என்று என் மண்டைக்குள் எழுதிவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பரிசோதனைக் குழாய்களோடு இருபத்தொரு வருடம் சீவித்தவள் நான். எனக்கே இந்த எண்ணம் வந்தது என்றால் உங்களுக்கும் வரலாம்.

ஹம்மிங்பேர்ட் இந்தக் கதைக்குள் வந்தது என் அக்காவால். அக்கா ரொறொன்ரோவில் இருக்கிறா. கனடாவில் கோடையில் அவவின் பின்வளவுக்கு ஹம்மிங்பேர்ட் வரும். ரீங்காரச் சிட்டு. பெருவிரல் அளவு பறவை, பூவுக்கு முன்னால் காற்றிலேயே நின்று தேன் குடிக்கும். அக்காவின் புருசன் இறந்த வருடம் அவவைப் படுக்கையிலிருந்து எழுப்பி யன்னலடிக்குக் கொண்டுவந்தது அந்தக் குருவிதானாம். எனக்கு நோய் என்று கேள்விப்பட்டதும் கிடந்து அழுதுவிட்டு, அடுத்த கிழமையே ஒரு பெட்டி அனுப்பினா. உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழ், அடியில் சிவப்புப் பூ மாதிரி ஒரு தட்டு. குமிழுக்குள் சீனித் தண்ணீர் விட்டு மரத்தில் கட்டவேண்டும்.

“நாலு கப் தண்ணிக்கு ஒரு கப் சீனி. வேற ஒண்டும் போடாதை” என்று தொலைபேசியில் சொன்னா. “பொறுமையா இருந்து பார். வந்தே தீரும்.”

எங்கள் வீட்டில் சீனி இல்லை. சீனி சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்று யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டு, சிவநேசன் முதல் நாளே சீனிப் போத்தலைத் தூக்கி எறிந்திருந்தார். மருத்துவமனை உணவு ஆலோசகர் அது பிழையென்று சொல்லியும் கேட்கவில்லை. “குருவிக்கும் சீனி கூடாது” என்று சொல்லி நல்ல தேனாகப் பார்த்து வாங்கிக் கரைத்து ஊற்றினார். இரண்டு நாளில் அது புளித்தது. மரத்தடியிலிருந்து குமிழ்வரை எறும்பு நிரையாக ஏறியது. பிறகு தேனீ வந்தது.

பக்கத்து வீட்டு டெனிஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. எழுபது தாண்டியவ, தோட்டமே உயிர். எங்கள் மரத்தில் தொங்குவது என்ன என்று கேட்டா. சொன்னேன். என் மொட்டைத் தலையைப் பார்த்தா, குமிழைப் பார்த்தா.

“டார்லிங், இந்த நாட்டில் ஹம்மிங்பேர்ட் ஒன்றுகூட இல்லை. அது அமெரிக்கக் கண்டத்தில் மட்டும்தான்” என்றா. “தேன் வைத்தால் இங்குள்ள குருவிகளுக்கு நோய் வரும். அதைக் கழற்றிவிடு.”

நான் தலையாட்டினேன். இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இங்கே ஹம்மிங்பேர்ட் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அவவுக்கு அவுஸ்திரேலியா என்றால் சூடான கனடா.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசி எடுத்தா. “வந்ததோ?”

“இன்னும் இல்லை அக்கா.”

“பொறு, வரும்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அழுதழுது அனுப்பிய ஆளுக்கு உன் குருவி இந்தக் கண்டத்திலேயே இல்லை என்று எப்படிச் சொல்வது. அடுத்த ஞாயிறும் கேட்டா. இன்னும் இல்லை என்றேன். சிவநேசனைத் தேனை நிற்பாட்டச் சொன்னேன். குமிழைக் கழற்றவில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை கழுவி, வெறும் தண்ணீர் விட்டுத் தொங்கவிட்டேன். அக்கா படம் கேட்பா, அதற்காக.

விறைப்பு (தொடு உணர்வு மங்குவது) நாலாவது வெள்ளிக்குப் பிறகு தொடங்கியது. துவாய் விசயம் அதற்கு அடுத்த நாள். முதலில் விரல் நுனி மட்டும். ஐந்தாவதில் இரண்டாம் மடிப்புவரை வந்தது. ஆறாவதில் கால் விரல்கள். ஒருநாள் தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் வந்து அரைமணி நேரம் ஒரு காலில் மட்டும் செருப்போடு நடந்திருக்கிறேன். மற்றச் செருப்பு குமிழ் தொங்கிய மரத்தடியில் கிடந்தது. அது கழன்றதே எனக்குத் தெரியாது.

இதற்கு மருத்துவத்தில் புற நரம்புப் பாதிப்பு என்று பெயர் (மருந்தால் கை கால் நுனி நரம்புகள் பழுதாவது). இது வரலாம் என்று தொடக்கத்திலேயே தாளில் எழுதித் தந்திருந்தார்கள். வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். அளவைக் குறைப்போம், தேவைப்பட்டால் நிறுத்துவோம் என்றும் அதில் இருந்தது. நான் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படித்தேன்.

ஒவ்வொரு வெள்ளியும் மரியா என்ற தாதி கேட்பா. பிலிப்பைன்ஸ்காரி, என் வயது, கெட்டிக்காரி. விறைப்பு இருக்கிறதா? பொத்தான் போட முடிகிறதா? சாவி திருப்ப முடிகிறதா?

“கொஞ்சம். வந்து வந்து போகும்” என்பேன். பொத்தான் உள்ள சட்டைகளை எல்லாம் மடித்து அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். தலைக்கு மேலால் இழுத்துப் போடும் சட்டைகளாகப் பார்த்து அணிந்து போனேன். மரியா என் சட்டையைப் பார்த்தாவோ என்னவோ, எழுதிக்கொண்டா.

கோபம் முன்னுக்கு வருகிற பிறவி நான். அந்த மாதங்களில் கோபமும் வரவில்லை. காலையில் எழும்பினால் ஒரு பஞ்சுத் தலையணைக்குள் இருந்து உலகத்தைக் கேட்கிற மாதிரி இருக்கும். சிவநேசன் ஏதாவது சொல்வார், நான் ஓம் என்பேன். என்ன சொன்னார் என்று பிறகு யோசிப்பேன். கிழமைக்கு ஏழு நாள் என்பது போய்விட்டது. வெள்ளி இருந்தது, வெள்ளிக்கு அடுத்த வெள்ளி இருந்தது.

எட்டாவது வெள்ளி முடிந்த செவ்வாய், குசினியில் குமிழைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிவநேசன் மதிய வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“என்னப்பா அது, தண்ணி சிவப்பாய்க் கிடக்கு?”

அடித்தட்டு சிவப்புத்தானே என்றேன். அவர் குழாயை நிற்பாட்டிவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கினார். குமிழின் வாய் உடைந்திருந்தது. என் சுட்டுவிரல் நீளத்துக்குப் பிளந்து இரத்தம் முழங்கைவரை ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையேதான் திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறேன்.

துவாயைச் சுற்றி அழுத்திப் பிடித்தார். கதிரையில் இருத்தினார்.

“நோகேல்லையோ?”

“இல்லை.”

“எவ்வளவு நாளாய்?”

“நாலாம் வெள்ளியிலயிருந்து.”

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். இது தெரியுதோ, இது தெரியுதோ என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்றேன். கடைசியில் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இன்னும் நாலுதானே மதி. சொன்னால் நிப்பாட்டிப்போடுவாங்கள்.”

இதை எழுதும்போது அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுது என்றார். நல்ல மனிதன். என்னைச் சாகவிடக்கூடாது என்பது தவிர அவருக்கு வேறு யோசனை இல்லை. எட்டு வெள்ளி விரதத்திலும் கவலையிலும் கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். அன்றிலிருந்து பொய்க்கு நாங்கள் இரண்டு பேர். காயத்துக்குக் காரணம் கேட்டபோது, கத்தி வழுக்கிவிட்டது என்று மரியாவிடம் அவரே சொன்னார். ஒன்பதாவது வெள்ளியும் ஏறியது.

பத்தாவது வெள்ளி மரியாவுக்கு என் நாளம் கிடைக்கவில்லை. ஒரே கையில் திரும்பத் திரும்பக் குத்தி, மருந்து ஏற்றி, வலது கை முழுக்கக் கம்பி போல் இறுகிப்போயிருந்தது. ஒரு தடவை குத்தினா, இல்லை. சூடான துணி சுற்றி, இன்னொரு தடவை குத்தினா, இல்லை. வேறு யாரையாவது கூப்பிடுகிறேன் என்றா.

எனக்குள் பழைய வளர்மதி எழும்பிவிட்டாள். “பொறும், நான் காட்டிறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, இடது கை விரல்களை வலது முழங்கை மடிப்பில் வைத்தேன். கண்ணை மூடினேன். இருபத்தொரு வருடமும் அப்படித்தான் செய்தேன். மெல்ல அமத்தினேன்.

ஒன்றும் இல்லை. கீழே இறக்கினேன், பக்கவாட்டில் நகர்த்தினேன். தோல் எங்கே தொடங்குகிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. மேசையைத் தொட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தேன். என் விரல்கள் என் கையில்தான் இருந்தன.

மரியா பார்த்துக்கொண்டு நின்றா. “இங்கேயா?” என்று கேட்டா. ஓம் என்று சொல்லலாம். அவ குத்துவா, பிழைக்கும், இன்னொருவர் வந்து எப்படியோ எடுப்பார். பத்தாவது வெள்ளி முடியும். சிவநேசன் பக்கத்துக் கதிரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியவில்லை” என்றேன். “எனக்கு விரலில் ஒன்றுமே தெரியவில்லை, மரியா. ஆறு கிழமையாக.”

மரியா ஊசியைத் தட்டில் வைத்தா. என்னை ஏசவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. பிடித்திருக்கிறா என்பது எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அரைமணியில் டொக்டர் வந்தார். கண்ணை மூடச்சொல்லி, உள்ளங்கையில் ஏதோ வைத்து என்ன என்று கேட்டார். ஒன்றும் வைக்கவில்லையே என்றேன். திறந்து பார்த்தால் ஒரு சாவி. என் கால் பெருவிரலைப் பிடித்து, தான் மடிப்பது மேலேயா கீழேயா என்று கேட்டார். நான் சொன்ன நான்கு விடையில் மூன்று பிழை.

“இத்துடன் நிறுத்துகிறோம்” என்றார்.

“இன்னும் மூன்று இருக்கிறதே.”

“ஒன்பது உங்களுக்குப் போதும். மிச்ச மூன்றையும் ஏற்றுவதால் வரும் நன்மையைவிட அதனால் போவது அதிகம். நான்காவது கிழமையில் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பேன். ஒருவேளை பன்னிரண்டையுமே முடித்திருக்கலாம்.”

நான் அதைக் கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நிறுத்துவார்கள் என்று பயந்து மறைத்தேன். மறைத்ததால் நிறுத்தினார்கள். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இந்த இடத்தில் தொலைபேசியை எடுத்துத் தன் தாதியைக் கூப்பிட்டால், நான் எழுதியது வீண் போகவில்லை.

விரல் திரும்ப வருமா என்று கேட்டேன். நரம்பு மிக மெதுவாக வளரும் என்றார். சிலருக்கு முழுதாக வரும், சிலருக்குப் பாதி, சிலருக்கு வராது. உங்களுக்கு எது என்று இப்போது சொல்லத் தெரியாது என்றார். தெரியாது என்று நேரே சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வழியில் சிவநேசன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவினேன். தடவுவதுபோல் கையை ஆட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். மிச்ச மூன்று வெள்ளியும் அவர் விரதத்தை விடவில்லை. பன்னிரண்டாம் வெள்ளி தானே பொங்கினார். அடிப்பிடித்துப் போயிருந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

மருந்து நின்றதற்கு அடுத்த ஞாயிறு அக்கா எடுத்து, வந்ததோ என்று கேட்டா. ஒரு பொய்யைக் கைவிட்ட சூட்டில் மற்றதையும் கைவிட்டுவிடலாம் என்று தோன்றியது.

“அக்கா, இஞ்ச ஹம்மிங்பேர்ட் இல்லை. இந்த நாட்டிலயே இல்லை.”

அக்காவின் குரல் உயர்ந்தது.

“அப்ப ஏன் இவ்வளவு மாசமும் இன்னும் இல்லை, இன்னும் இல்லையெண்டு சொன்னனீ?”

“நீ கவலைப்படுவாய் எண்டு.”

“நான் விசர் பிடிச்சவளெண்டு நினைச்சியோ? உன்ர நோய் வருத்தத்தையும் இப்பிடித்தானே ஒளிச்சு வச்சுச் சொல்லுவாய்?” என்று தொலைபேசியை வைத்துவிட்டா. மூன்று கிழமை பேசவில்லை. நாலாம் கிழமை எடுத்து, “அப்ப அங்க தேன் குடிக்கிறது எந்தக் குருவி?” என்று கேட்டா. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

டெனிஸிடம் கேட்டேன். தேன் குடிக்கிற குருவிகள் இங்கே நிறைய இருக்கின்றனவாம். அதில் ஒன்று, ஸ்பைன்பில் என்று பெயர், ஊசி மாதிரி நீண்டு வளைந்த மூக்கு, நெஞ்சில் வெள்ளையும் மண்ணிறமும். தேவைப்பட்டால் அதுவும் பூவுக்கு முன்னால் காற்றில் நின்று குடிக்குமாம். “தண்ணீர் வைத்துக் கூப்பிடாதே, செடியை வைத்துக் கூப்பிடு” என்றா.

சிவநேசன் நாற்றுக் கடைக்குப் போய், பெரிய பூவாகப் பார்த்து ஆளுயரக் கிரெவிலியாச் செடி மூன்று வாங்கி வந்து நட்டார். கை அகலச் சிவப்புப் பூ. பூவுக்கு மைனர் என்ற சண்டைக்காரக் குருவிகள் கூட்டமாய் வந்தன. சாம்பல் நிறம், மஞ்சள் கண், வாய் ஓயாது. வேறெந்தக் குருவி வளவுக்குள் தலைகாட்டினாலும் ஒன்றுசேர்ந்து துரத்தின. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் முன்வரிசை பிடித்தவர்கள் மாதிரி.

டெனிஸ் தலையில் கை வைத்தா. பெரிய பூ வைத்தால் பெரிய ரவுடிதான் வரும். சிறு குருவிக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். இரண்டு கிரெவிலியாவைப் பிடுங்கி அவவுக்கே கொடுத்தோம். அந்த இடத்தில் அவ தந்த கொறியாச் செடிகளை நெருக்கமாக நட்டோம். இடுப்பளவு புதர், சின்ன மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பூ, குளிர்காலத்தில் பூக்கும். நடுவில் சல்வியாப் பூஞ்செடி. நான் மண்ணுக்குள் கையை விட்டுக் குழி தோண்டினேன். மண் சூடா குளிரா தெரியவில்லை. கையுறை போட்டுக்கொள், காயம் பட்டாலும் உனக்குத் தெரியாது என்று சிவநேசன் கத்தினார். போட்டுக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பினேன். இரத்தம் எடுக்க அல்ல. முகாமையாளர் நல்லவ, கேட்கவே சங்கடப்பட்டா. நானே சொன்னேன், என்னால் முடியாது என்று. இப்போது முன்மேசையில் படிவம் பார்க்கிறேன், குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். சீட்டை உரிப்பதே ஒரு வேலை. உள்ளே என் இடத்தில் இப்போது இருக்கிற பெண் நல்ல கைக்காரி. சில நாள் அவ ஒருவரின் நாளத்தைத் தேடித் தடுமாறுகிற சத்தம் திரைக்குப் பின்னால் கேட்கும். அப்போது என் கை மேசைக்கு அடியில் தானாக அசையும். ஆத்திரமாக வரும். கோபம் திரும்பி வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம்தான்.

வெறும் வயிற்றோடு வந்தேன் என்று பொய் சொல்கிறவர்களை இப்போது நான் ஏசுவதில்லை. “தேத்தண்ணி குடிச்சனீங்களோ அன்ரி? பரவாயில்லை, நாளைக்கு வாங்கோ” என்கிறேன்.

கால் கொஞ்சம் வந்துவிட்டது. இப்போது செருப்புக் கழன்றால் தெரிகிறது. வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் சூடு அறிகின்றன. நாளம் தேடும் இடது கைதான் பின்னுக்கு நிற்கிறது. ஒரு வருடம் தாண்டிவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்று டொக்டர் சொல்கிறார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்பதில்லை. முன்பு எனக்கு நேரம் என்பது ஒரு கைக்கு மூன்று நிமிடம், ஒரு காலைக்கு முப்பது ஆட்கள். பிறகு அது வெள்ளிகளாக இருந்தது. இப்போது நரம்பு தன் பாட்டுக்கு வளர்கிறது, அல்லது வளரவில்லை, அதை எந்தக் கலண்டரிலும் குறிக்க முடியாது.

இந்தக் குளிர்காலம் கொறியா முதன்முதலாகப் பூத்தது. ஞாயிறு காலைகளில் நானும் சிவநேசனும் பின்வளவில் இரண்டு கதிரையைப் போட்டு, அசையாமல் இருப்போம். அசைந்தால் குருவி வராது. சும்மா இருக்கிற நேரத்தில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை என் மடியில் நீட்டுவார். நான் அவரது முழங்கை மடிப்பில் இடது விரல்களை வைத்துக் கண்ணை மூடுவேன். அவருக்கு அங்கே நல்ல தடித்த நாளம். பழைய நாளில் என்றால் புதிதாகச் சேர்ந்த ஆளுக்குக்கூட அகப்படும்.

போன ஞாயிறு அப்படி இருக்கும்போது அவர் மூச்சுக்குள் சொன்னார்: “மதி, வந்திட்டுது.”

கண்ணைத் திறந்தேன். மூன்றடி தூரத்தில், கொறியாப் பூவுக்குக் கீழே, ஊசி மூக்கோடு ஒன்று காற்றில் நின்றது. சிறகு தெரியவில்லை, ஒரு மங்கல்தான் தெரிந்தது. ஒரு பூ, அடுத்த பூ, பிறகு கிளையில் பிடித்து இருந்துகொண்டு ஒன்று. படம் எடுக்கவில்லை. எடுக்க என்றால் அவர் கையிலிருந்து என் கையை எடுக்கவேண்டும்.

அது போன பிறகு அவர் கேட்டார்.

“இண்டைக்கு ஏதும் தட்டுப்படுதோ?”

ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓம், கொஞ்சம் என்று சொன்னால் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிவார். நான் இன்னொரு தடவை, நன்றாக அமத்திப் பார்த்தேன்.

“இல்லையப்பா” என்றேன். “ஒண்டும் இல்லை.”

“சரி” என்றார். கையை எடுக்கவில்லை.